"உப்பு இல்லை" என்றால் நோய் இல்லை என்று அர்த்தமா?

(செஞ்சிப் பகுதி வல்லத்தில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசிய பேச்சு)



கூலி, நிலம், ரேஷன் அரிசி, இவற்றைப் பற்றிப் பேசவே நாம் இங்கே கூடுவது வழக்கம். இன்று சிறுநீரைப் பற்றிப் பேசப் போகிறோம். பின்வரிசையில் சில இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். செஞ்சி ஆஸ்பத்திரியிலோ முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியிலோ தகப்பனைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் இரண்டு இரவு படுத்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது? விடியற்காலையில் நர்ஸ் அம்மா வருகிறார். நோயாளியின் நீரில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை முக்கி எடுக்கிறார். அந்தப் பட்டையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். அவை நிறம் மாறுகின்றன. டப்பாவின் மேல் அச்சடித்த நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுகிறார்: சர்க்கரை நில், அல்புமின் ஒரு பிளஸ், ரத்தம் இரண்டு பிளஸ். அந்த ஒரு வரியைப் பார்த்து மருந்து கூடுகிறது, குறைகிறது. வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள், அல்லது இன்னும் இரு என்கிறார்கள். அந்த வரி எப்போது உண்மை சொல்லும், எப்போது பொய் சொல்லும் என்பது நமக்குத் தெரிய வேண்டாமா? படுத்திருப்பது நம்முடைய உடம்பு அல்லவா?

முன்னுக்கு ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் சொல்லப் போகும் பிழைகள் எந்த ஒரு ஆஸ்பத்திரியின் மீதும் குற்றப்பத்திரிகை அல்ல. லண்டனிலும் நடக்கிறது, நியூயார்க்கிலும் நடக்கிறது. பட்டையின் குணம் அது.

நீரைப் பார்த்து நோய் சொல்வது நமக்குப் புதிதல்ல. சித்த வைத்தியத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று உண்டு. நீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்று தேரையர் வழியில் வந்தவர்கள் சொன்னார்கள். 1908-ல் அமெரிக்க ரசாயன விஞ்ஞானி பெனடிக்ட் ஒரு நீலத் திரவத்தைக் கண்டார். அதில் 5 மில்லி எடுத்து, 8 சொட்டு நீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம் என்று போகப் போகச் சர்க்கரை அதிகம். நம் ஆஸ்பத்திரிகளில் வெகு காலம் இதுதான் நடந்தது, முதியவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அந்த நீலத் திரவத்துக்கு ஆளைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பால் கொடுக்கும் தாயின் நீரில் பால் சர்க்கரை வந்தாலும் நிறம் மாறும். வைட்டமின் சி நிறையச் சாப்பிட்டவன் நீருக்கும் நிறம் மாறும். நோயே இல்லாதவளுக்கு நீரிழிவு என்று பெயர் வைத்துவிடும்.

1956-ல் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரெட் ஃப்ரீ என்ற தம்பதிகள் மைல்ஸ் கம்பெனியில் வேலை செய்தபோது, காய்ச்ச வேண்டாத, முக்கி எடுத்தால் போதும் என்கிற பட்டையைக் கொண்டுவந்தார்கள். கம்பெனி லாபம் பார்த்தது. அதற்காக நாம் விஞ்ஞானத்தின் மேல் கோபப்பட வேண்டியதில்லை. அடுப்பு இல்லாத துணை சுகாதார நிலையத்திலும் ஒரு நிமிஷத்தில் சோதிக்க முடிகிறது என்பது மக்களுக்குப் பெரிய லாபம். இது பால் சர்க்கரைக்கு ஏமாறாது. ஆனால் இதற்கென்று வேறு ஏமாற்றங்கள் இருக்கின்றன.

வார்டில் நடப்பது

பட்டையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. சாதாரணமாகச் சர்க்கரைக்கு 30 விநாடி, அல்புமினுக்கும் ரத்தத்துக்கும் 60 விநாடி, சீழ் அணுக்களுக்கு 2 நிமிஷம். முன்னால் பார்த்தால் குறைவாகத் தெரியும். மறந்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் நிறம் கறுத்து அதிகமாகத் தெரியும். வார்டு நிறையப் படுக்கை, கீழே பாயிலும் நோயாளி, பார்ப்பதற்கு ஒரு நர்ஸ். ஒரு கையில் பட்டை, மறு பக்கம் டிரிப் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் கூப்பிடுகிறார். 30 விநாடியை யார் எண்ணுவது? நர்ஸின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டால் கேஸ் முடிந்துவிடுமா? ஆள் போடாத சர்க்காரின் கவனக்குறைவு அது. நர்ஸ் அம்மாவும் நம்மைப் போல உழைத்துச் சாப்பிடுகிறவர்தான், அவர்களிலும் ஒப்பந்தச் சம்பளத்தில் இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

பட்டை இருக்கும் டப்பாவின் மூடியில் ஈரத்தை உறிஞ்சும் மருந்து வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தே வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பட்டை கெட்டுவிடும். கெட்ட பட்டை வெறும் தண்ணீரில் முக்கினால்கூட நிறம் காட்டலாம், அல்லது இருப்பதைக் காட்டாமல் விடலாம். தேதி கடந்த டப்பாவும் அப்படியே.

நீர் பிடிக்கிற பாத்திரம் பிளீச்சிங் பவுடரால் கழுவி, சரியாக அலசாமல் இருந்தால், அந்த மிச்சமே பட்டையில் "சர்க்கரை" என்றும் "ரத்தம்" என்றும் தெரியும். சில கிருமிநாசினி மருந்துகள் பட்டால் அல்புமின் இருப்பதாகத் தெரியும். பிடித்த நீரை ஜன்னலோரம் வைத்து மூன்று மணி நேரம் கழித்துச் சோதித்தால், அதற்குள் கிருமிகள் பெருகிச் சர்க்கரையைத் தின்றுவிடும். நீர் காரமாகி இல்லாத அல்புமினைக் காட்டும். குழாய் போட்ட நோயாளிக்குப் பையில் தேங்கிக் கிடக்கும் நீரை எடுத்துச் சோதிப்பதும் இதே கதைதான். வேண்டியது புது நீர்.

வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்தப் பட்டையில் நேர் எதிரான விபரீதம் நடக்கும். பெனடிக்ட் திரவத்தில் இல்லாத சர்க்கரையைக் காட்டிய அதே வைட்டமின், பட்டையில் இருக்கிற சர்க்கரையையும் ரத்தத்தையும் மறைத்துவிடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர் நீர் ஆரஞ்சு நிறமாக வரும். அந்த நிறம் கட்டங்களின் மேல் ஏறி உட்கார்ந்தால் எதைப் பார்த்து எதைச் சொல்வது?

ஏரியும் கலங்கலும்

சர்க்கரை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இதில் உயிர் போகிற இடம் இருக்கிறது.

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை சாதாரணமாக 180 என்ற அளவைத் தாண்டினால்தான் சிறுநீரில் வழியும். ஏரி நிரம்பினால்தானே கலங்கலில் தண்ணீர் போகும்? கலங்கலில் தண்ணீர் போகவில்லை. ஏரியில் முக்கால் இருக்கிறதா, தரை வெடித்துக் கிடக்கிறதா? கலங்கலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தத்தில் 150 இருந்தாலும் பட்டை நில், 40-க்கு இறங்கி நோயாளி மயங்கிக் கிடந்தாலும் பட்டை நில். ஒரு காலத்தில் நீரின் நிறத்தைப் பார்த்தே இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். வேறு வழி இல்லாத காலம். இன்று விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும், கையடக்கக் கருவி எண்ணைச் சொல்லிவிடும். அது இருக்கும்போது நீரைப் பார்த்து இன்சுலின் போடுவது என்ன நியாயம்?

போதாக்குறைக்கு இப்போது டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன. 2020-ல் அதன் காப்புரிமை முடிந்த பிறகு இந்தியாவில் பல கம்பெனிகள் தயாரித்து விலை இறங்கியது, நல்லது. இந்த மாத்திரையின் வேலையே சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது. அதாவது மதகைத் திறந்துவிட்டாயிற்று. ஏரி பாதிதான் இருந்தாலும் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் நீரில் பட்டையை முக்கினால் நாலு பிளஸ் காட்டும். அதைப் பார்த்து யாராவது பயந்து இன்சுலினை ஏற்றிவிட்டால், சர்க்கரை தரை தட்டி ஆள் போய்விடலாம். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். "சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்" என்று சொன்னால் போதாது. எந்த மாத்திரை?

ரத்தம் என்று காட்டினால்

கரும்பு வெட்டுகிற தோழர்கள் கவனிக்க வேண்டும். கொளுத்துகிற வெயிலில் காலை முதல் வெட்டிவிட்டு, தண்ணீரும் போதாமல் சுருண்டு விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். நீர் டீத்தண்ணீர் போல இருக்கிறது. பட்டை ரத்தம் மூன்று பிளஸ் காட்டுகிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு ஒன்றும் இல்லை. என்ன மாயம் இது? தசை நார்கள் சிதைந்து அவற்றின் நிறப்பொருள் நீரில் இறங்கியிருக்கிறது. பட்டைக்கு அதுவும் ரத்தமும் ஒன்றே. ஒருவருக்குக் கல் அடைப்பு என்று நினைத்து ஸ்கேனுக்கு அலையவிடுவார்கள். அவருக்கு அவசரமாக வேண்டியது உடம்பில் நீரேற்றுவதும் சிறுநீரகத்தைக் காப்பதும். கண்ணாடி விரியன் கடித்தவருக்கும் பட்டை ரத்தம் காட்டலாம், அங்கே காரணம் வேறு. அவருக்குப் பட்டையின் நிறத்தைவிட, ஒரு நாளில் எவ்வளவு நீர் பிரிந்தது என்ற அளவு முக்கியம். அந்த அளவைப் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரரே ஒரு பாட்டிலில் பிடித்துக் குறித்துக் கொடுக்கலாம்.

மாதவிலக்கு நாட்களில் பெண்களின் நீரில் ரத்தம் தெரியும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள், தாய்மார்களே. ஒரு வார்த்தை சொன்னால் ஒரு ஸ்கேன் மிச்சம்.

வயதானவர்களுக்கு இன்னொன்று. நீர்க்குழாய் போட்டு ஒரு மாதம் ஆனவர் நீரில் கிருமி இல்லாமல் இருக்காது. பட்டை சீழ் என்றும் கிருமி என்றும் காட்டும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, இருந்தாலும் ஊசி மருந்து ஆரம்பித்துவிடுவார்கள். பிரிட்டனில் 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று தீர்மானிக்கப் பட்டையை உபயோகிக்க வேண்டாம் என்று சர்க்கார் வழிகாட்டுதலே இருக்கிறது. தேவையில்லாத ஆன்டிபயாடிக் நிஜமான நோய் வரும்போது கைகொடுக்காது.

இரண்டு உப்பு

இப்போது நம்முடைய முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம்.

"நீரில் உப்பு இருக்கு", "உப்பு இல்லை" என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். கர்ப்பிணிப் பெண்களுக்கு எல்லாம் தெரிந்த வார்த்தை. இந்த உப்பு நாம் கூழில் போடுகிற உப்பு அல்ல. அல்புமின் என்ற புரதம். பிறகு ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "உப்பு ஏறியிருக்கு" என்கிறார்கள். அது யூரியா, கிரியேட்டினின். முற்றிலும் வேறு பொருள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துப் பேசுவதால் எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள்! நீரில் உப்பு இல்லை என்று கேட்டதும், "சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார்" என்று மறுநாள் வெயிலில் இறங்கிவிடுகிறோம்.

நீரில் அல்புமின் தெரிவதும் தெரியாததும் எதைப் பொறுத்தது? நாற்று நட்டுவிட்டு, தாகத்தோடு வந்த பெண்ணின் நீர் கெட்டியாக இருக்கும். சிறு அளவும் பெரிதாகத் தெரியும். காய்ச்சலிலும் கடும் உழைப்புக்குப் பிறகும் தற்காலிகமாக வரும். வெள்ளைப்படுதல் கலந்தாலும் தெரியும். இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கொடுத்தால் நீர்த்துப் போய், உள்ளதும் மறைந்துவிடும். அதனால் ஒரு தரம் தெரிந்தால் நோய் என்று முடிவு கட்டக் கூடாது. திரும்பப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இதில் ஆபத்து அதிகம். ரத்த அழுத்தம் 140-க்கு 90-ஐத் தொட்டு, தலைவலியும் கண் மங்கலும் மேல் வயிற்றில் வலியும் இருந்தால், பட்டை நில் காட்டினாலும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அல்புமின் இல்லாமலேயே அந்த நோய் வரலாம் என்பதை அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2013-ல் தன் விதியிலேயே சேர்த்துக்கொண்டது.

இனி விவசாயத் தொழிலாளியின் சிறுநீரகம். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் 1990-களிலிருந்து நெல் விவசாயிகள் சிறுநீரகம் கெட்டு விழுகிறார்கள். ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானத்தில் அதே துயரம். கடல்களுக்கு அப்பால் எல் சால்வடாரிலும் நிகரகுவாவிலும் கரும்பு வெட்டுகிற இளைஞர்கள். இவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. வெயிலா, தாகமா, பூச்சி மருந்தா, தண்ணீரா, வலி மாத்திரையா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வெயிலில் முதுகு வளைக்கிறவனிடம் வந்திருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நிழலில் இருப்பவனிடம் வரவில்லை.

தமிழ்நாட்டிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளிவந்தது. சிறுநீரக நோய் கண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரையோ கொதிப்போ காரணமாக இல்லை.

இந்த நோயின் சூழ்ச்சி என்ன தெரியுமா? வழக்கமாகச் சர்க்கரையால் சிறுநீரகம் கெடும்போது, வடிகட்டி ஓட்டையாகி அல்புமின் நீரில் ஒழுகும். பட்டை அதைப் பிடித்துவிடும். இங்கே முதலில் கெடுவது வடிகட்டி அல்ல, அதை அடுத்த நுண்குழாய்கள். வெகு காலம் அல்புமின் ஒழுகுவதில்லை, அல்லது மிகக் கொஞ்சம். சிறுநீரகம் பாதி போன பிறகும் பட்டை "நில், நில்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

2023-ல் தமிழ்நாடு சர்க்கார் "சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்" என்று தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பட்டையால் நீரைச் சோதித்து, அல்புமின் தெரிந்தவர்களை மேல் பரிசோதனைக்கு அனுப்புவது அதன் வழி. நல்ல திட்டம். வரவேற்கிறோம். சர்க்கரை நோயாளிகளில் பலர் இதனால் முன்கூட்டியே பிடிபடுவார்கள். ஆனால் கரும்புக் காட்டிலிருந்தும் நெல் வயலிலிருந்தும் வருகிறவருக்கு, அவருக்கு வரக்கூடிய நோயைக் காட்டாத சோதனையைச் செய்து, "போய் வா" என்று அனுப்பினால் எப்படி? மணிலாக் கொல்லையில் பன்றி இறங்கிய பக்கம் விட்டுவிட்டு மறு பக்கம் காவல் காக்கிற கதை அது.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. வயலில் வேலை செய்கிறவர்களுக்கும், கொதிகலன் பக்கத்தில் சூட்டில் நிற்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும், பட்டை நில் காட்டினாலும் வருஷத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, காசில்லாமல். கிரியேட்டினினும் கடவுள் வாக்கு அல்ல. சதை வற்றிய கிழவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தும் எண் சாதாரணமாகத் தெரியும். வயதையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற எண்ணைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். அது 60-க்குக் கீழே இருந்தால் மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். வார்டுகளுக்குத் தேதி கடக்காத பட்டையும், மணி பார்க்க ஆளும் வேண்டும். வேலை நடக்கும் வயலில் நிழலும் குடிதண்ணீரும் கேட்பதும் இதே கோரிக்கையின் பகுதிதான். சாயங்காலம் இடுப்பு வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் பெயர் தெரியாத வலி மாத்திரையைத் தினம் வாங்கிப் போடுவதை மட்டும் நாமே நிறுத்திக்கொள்ளலாம். தாகத்தோடு இருக்கும் சிறுநீரகத்தை அது நேராக அடிக்கிறது.

முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்: "விடியக்காலையில் வீட்டிலேயே பிடித்து டப்பாவில் கொண்டுபோனால் ஆகுமா?" அல்புமின் பார்ப்பதற்கு விடியற்காலை முதல் நீர் மிக நல்லது, அம்மா. முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஊறுகாய் பாட்டிலும் டானிக் பாட்டிலும் வேண்டாம். முந்தின நாளே ஆஸ்பத்திரியில் சுத்தமான டப்பா கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்த நேரத்தை அதன் மேல் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பஸ் பிந்தி வந்து நேரம் கடந்துவிட்டால் அதைக் கொட்டிவிட்டு, அங்கேயே புதிதாகக் கொடுங்கள்.